செய்து கொடுக்காதீர்கள், செய்ய விடுங்கள்! பக்கவாதம் வந்தவருக்கு வீட்டிலேயே பயிற்சி

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் வீடு திரும்புகிறார். உற்றார் உறவினர் வந்து பார்க்கிறார்கள். ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமும் வாங்கி வருகிறார்கள்.

"உயிர் பிழைத்ததே பெரிய காரியம். இனிமேல் அவர் கட்டிலை விட்டு இறங்க வேண்டாம். எல்லாவற்றையும் நாம் பார்த்துக் கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அன்பினால் சொல்லும் வார்த்தைதான். ஆனால் அதன்படி நடந்தால், நடக்கக் கூடியவர்கூட நடக்காமலே போய்விடுவார்!

ஆஸ்பத்திரி உயிரைக் காப்பாற்றுகிறது. கையும் காலும் பேச்சும் திரும்பி வருகிற வேலை பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. அந்த வேலையை எப்படிச் செய்வது? யார் செய்வது? எதைச் செய்யக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூளையில் என்ன நடக்கிறது?

விழுந்து போவது கையும் காலும். ஆனால் நோய் இருக்கும் இடம் மூளை.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக் கொள்கிறது. அல்லது குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. இரண்டில் எது நடந்தாலும் மூளையின் ஒரு பகுதி செத்துப் போகிறது. அந்தப் பகுதி எந்த வேலையைச் செய்து வந்ததோ, அந்த வேலை நின்று விடுகிறது.

உடம்பின் வலது பாதியை மூளையின் இடது பாதி ஆளுகிறது. இடது பாதியை மூளையின் வலது பாதி ஆளுகிறது. பேச்சை ஆளும் இடம் பெரும்பாலோருக்கு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் வலது கை, வலது கால் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் போய்விடுகிறது.

செத்துப் போன பகுதிக்கு மறுபடி உயிர் வராது. அப்படியானால் மீண்டும் நடப்பது எப்படி?

ஆற்றுப் பாலம் இடிந்து விட்டால் ஊர் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? வரப்பு வழியாகச் சுற்றிப் போகிறார்கள். பலர் நடக்க நடக்க அங்கே ஒற்றையடிப் பாதை விழுகிறது. நாளடைவில் அதுவே வழியாகி விடுகிறது. மூளையும் அப்படித்தான். செத்த பகுதியைச் சுற்றியுள்ள பகுதிகள் அதன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக் கொள்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனை. பாதையில் தினமும் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் புல் முளைத்து மூடிவிடும்!

முதல் 3 மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். 6 மாதம் வரையிலும் நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகும் நின்று விடுவதில்லை. மெதுவாக வரும். ஆகவே முதல் சில மாதங்கள் தங்கம் போன்றவை. அவற்றைக் கட்டிலில் கழிக்கக் கூடாது.

கவிஞரும் மகனும்

1950-களின் இறுதியில் நடந்த உண்மைச் சம்பவம் இது.

பெட்ரோ பாக்-இ-ரீட்டா என்பவர் ஒரு கவிஞர். அமெரிக்காவில் நியூயார்க் நகரக் கல்லூரியில் பாடம் நடத்தி வந்தார். அவருக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது வயது 65. ஒரு பக்கம் முழுவதும் விழுந்து விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். பலன் இல்லை.

அவருடைய மகன் ஜார்ஜ் மெக்சிகோவில் வைத்தியம் படித்துக் கொண்டிருந்தார். தந்தையைத் தம் வீட்டுக்கே அழைத்துப் போனார். "குழந்தை முதலில் தவழ்கிறது. பிறகுதான் நடக்கிறது. அப்பாவும் அப்படியே கற்றுக் கொள்ளட்டும்" என்று முடிவு செய்தார். சுவரில் தோளைச் சாய்த்தபடி தந்தை தவழ்ந்தார். பேராசிரியரை இப்படித் தரையில் தவழ விடலாமா என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். மகன் விடவில்லை.

பிறகு கோலி விளையாட்டு. உருண்டு வரும் கோலியை நோயுற்ற கையால் பிடிக்க வேண்டும். அப்புறம் பாத்திரம் தேய்ப்பது. நல்ல கையால் பாத்திரத்தைப் பிடித்துக் கொண்டு, விழுந்த கையால் ஒரு பக்கமாக 15 நிமிஷம், மறு பக்கமாக 15 நிமிஷம் தேய்க்க வேண்டும்.

மாதக் கணக்கில் இது நடந்தது. கவிஞர் எழுந்தார், நடந்தார், பேசினார். மீண்டும் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தினார்! நோய் வந்து சுமார் 7 ஆண்டுகள் கழித்து, கொலம்பியா நாட்டில் மலை ஏறும்போது மாரடைப்பால் இறந்தார்.

இறந்த பின் அவருடைய மூளையைச் சோதித்துப் பார்த்தார்கள். பழைய சேதம் பெரிதாக அப்படியே இருந்தது. அது ஆறவே இல்லை! மிஞ்சிய மூளைதான் வேலையைக் கற்றுக் கொண்டிருந்தது. கவிஞரின் இன்னொரு மகன் பால் ஒரு டாக்டர். மூளை எப்படிப் புதிய வேலையைக் கற்கிறது என்ற ஆராய்ச்சியில் அவர் பெரும் புகழ் பெற்றார்.

இதைப் படித்துவிட்டு யாரையும் தரையில் தவழ விட வேண்டாம். எல்லோருக்கும் இப்படியே குணமாகும் என்றும் எண்ண வேண்டாம். சேதத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுதான். தினசரி வேலையையே பயிற்சி ஆக்கினார் மகன். அதைப் பல நூறு தடவை செய்ய வைத்தார்.

வீட்டார் மட்டும் போதுமா?

அப்படியானால் டாக்டர் வேண்டாம், வீட்டாரே எல்லாவற்றையும் பார்த்துக் கொள்ளலாமா? கூடாது!

இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2017-ல் 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது. நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி முறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் வீட்டில் நோயாளிக்குப் பயிற்சி கொடுத்தார். மறு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் நடந்தது.

6 மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். இரண்டு பிரிவிலும் 100-க்கு 47 பேர் இறந்திருந்தார்கள், அல்லது பிறர் உதவியில்தான் வாழ்ந்தார்கள். வித்தியாசமே இல்லை!

வீட்டாரின் அன்பு வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முழுப் பாரத்தையும் வீட்டார் தலையில் ஏற்றிவிட்டு, கற்றவர்கள் ஒதுங்கிக் கொள்ள முடியாது என்றுதான் அர்த்தம்.

மேல்நாடுகளில் வேறொரு முறை உண்டு. நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பின்னாலேயே பயிற்சி பெற்ற ஒரு குழுவும் வீட்டுக்கு வருகிறது. அந்தக் குழு வந்த வீடுகளில், பிறரைச் சார்ந்து வாழ வேண்டிய நிலை குறைந்தது என்று பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. நோய் மிகக் கடுமையாக இல்லாதவர்களுக்கு இது நல்ல பலன் தந்தது.

ஆகவே பிசியோதெரபிஸ்டு அவசியம் வேண்டும். உடற்பயிற்சியால் வைத்தியம் செய்பவர் அவர். வழி காட்டுவது அவர் வேலை. அந்த வழியில் தினமும் கூட நடப்பது வீட்டார் வேலை.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு, பிசியோதெரபியையும் வீடு தேடிக் கொண்டு போவது அதன் நோக்கம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "எங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள்? என்றைக்கு வருவார்கள்?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்

வண்டியில் ஏறும் முன் 4 கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

1. எந்த மாத்திரை, எந்த வேளை, எத்தனை நாள்?

2. தண்ணீரும் சோறும் தொண்டையில் சரியாக இறங்குகிறதா? எந்தப் பதத்தில் கொடுக்க வேண்டும்?

3. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாற்றுவது? எங்கள் கண் முன்னால் ஒரு தடவை செய்து காட்டுங்கள்.

4. எந்தப் பயிற்சி, தினம் எத்தனை தடவை? மறுபடி யாரைப் பார்க்க வேண்டும்?

தோளைப் பிடித்து இழுக்காதீர்கள்

பல வீடுகளில் நடக்கும் தவறு இது. நோயாளியைத் தூக்க வேண்டுமானால் விழுந்த கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அல்லது அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறார்கள். பலமில்லாத தோள் மூட்டு இதனால் விலகி விடும். பிறகு மாதக் கணக்கில் வலிக்கும். வலிக்குப் பயந்து அவர் கையை அசைக்கவே மாட்டார்.

விழுந்த கை கீழே தொங்கக் கூடாது. உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை மேல் வையுங்கள். நடக்கும்போது உதவுபவர் பலவீனமான பக்கத்தில் நிற்க வேண்டும். இடுப்பில் அகலமான பெல்ட்டு கட்டி அதைப் பிடித்துக் கொள்ளலாம்.

தானாகப் புரள முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வையுங்கள். இல்லாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும்.

வெந்நீர் ஒத்தடத்தில் எச்சரிக்கை தேவை. விழுந்த பக்கத்தில் சூடு தெரியாமல் போகலாம். தோல் வெந்து போனாலும் அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். எண்ணெய் தடவி இதமாக நீவி விட்டால் சுகமாக இருக்கும். ஆனால் எண்ணெய் தடவியதோடு பயிற்சி முடிந்தது என்று நினைத்து விடாதீர்கள். சில ஊர்களில் புறா ரத்தம் பூசுகிறார்கள். தோலில் பூசும் ரத்தம் மூளைக்குப் போகாது. பொன்னான நாட்கள்தான் வீணாகும்.

உட்கார்ந்து எழுவதே பெரிய பயிற்சி

எந்தக் கருவியும் வேண்டாம். ஓர் உறுதியான நாற்காலி போதும்.

நாற்காலியின் முன் விளிம்புக்கு நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். பாதங்களைச் சற்றுப் பின்னால் இழுத்துக் கொள்ள வேண்டும். முன்பக்கம் நன்றாகக் குனிந்து, இரண்டு காலிலும் பாரத்தைப் போட்டு எழ வேண்டும். பிறகு மெதுவாக உட்கார வேண்டும். முதல் நாள் 3 தடவை முடிந்தால் போதும். போகப் போகக் கூட்டுங்கள். கழிப்பறைக்குப் போகவும், பஸ்ஸில் ஏறவும், பந்தியில் உட்காரவும் இந்த ஒரு பலம்தான் வேண்டும்.

ஊன்றுகோலை நல்ல கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பலவீனமான கால் முதலில். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. இந்த விதிகளை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

கைக்கு வேலை கொடுங்கள்

மேஜை மேல் துணியைப் போட்டு, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் தள்ளித் துடைக்கச் சொல்லுங்கள். டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். துண்டு மடிக்கட்டும். பட்டாணி உரிக்கட்டும். சில்லறைக் காசுகளை வகை பிரித்து அடுக்கட்டும். பேத்தியோடு பல்லாங்குழி ஆடட்டும். புளியங்கொட்டையைப் பொறுக்கி ஒவ்வொரு குழியாகப் போடுவதைவிட விரலுக்கு நல்ல பயிற்சி வேறு என்ன வேண்டும்?

அவர் சட்டைப் பொத்தானைப் போட 10 நிமிஷம் ஆகலாம். பார்க்கிறவருக்குப் பொறுமை போய்விடும். "கொடுங்கள், நான் போட்டு விடுகிறேன்" என்று கை நீளும். அந்தக் கையை அடக்கிக் கொள்ளுங்கள்! அந்த 10 நிமிஷமும் அவருடைய மூளை பாடம் படிக்கிறது.

வலது கை விழுந்தவருக்கு ஒரு தனித் துயரம் உண்டு. இடது கையால் சாப்பிட வெட்கப்படுகிறார். பிறர் ஊட்டி விட்டால் அதைவிட வெட்கம். அதனால் பசி இல்லை என்று பொய் சொல்லித் தட்டை ஒதுக்கி விடுகிறார். இடது கையில் ஒரு ஸ்பூன் கொடுங்கள். வலது கை தட்டைப் பிடித்துக் கொள்ளட்டும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம். நாளாக ஆக வலது கையிலும் ஒரு வாய் சோறு எடுக்கச் சொல்லுங்கள்.

பக்கவாதம் வந்தவர் பெண்ணாக இருந்தால், "அம்மா இனி அடுப்படிப் பக்கம் வர வேண்டாம்" என்று எல்லா வேலையையும் பறித்து விடுகிறார்கள். அடுப்பும் அரிவாள்மணையும் ஆபத்துதான். ஆனால் கீரை ஆய்வதில் என்ன ஆபத்து? அரிசியில் கல் பொறுக்குவதில் என்ன ஆபத்து? நாற்காலி போட்டு உட்கார வைத்து, வேலையைக் கையில் கொடுங்கள்.

சாப்பாட்டில் கவனம்

படுத்தபடி ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்த பிறகே கொடுக்க வேண்டும். சிறு சிறு வாயாகக் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டு முடிந்தும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும்.

சோற்றைவிடத் தண்ணீர்தான் பலருக்கு ஆபத்து. அது சட்டென்று மூச்சுக் குழாயில் இறங்கி விடும். சாப்பிடும்போது இருமல் வந்தால், அல்லது குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்டால், உடனே நிறுத்துங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். நுரையீரலில் சளிக்காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பேச்சு வராதவர் முட்டாள் அல்ல

பேச்சு போனவருக்கு அறிவு போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். கத்திப் பேசுகிறார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது!

ரேடியோவையும் டெலிவிஷனையும் நிறுத்திவிட்டு எதிரே உட்காருங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். "காப்பி வேண்டுமா?" என்று ஒன்றை மட்டும் கேளுங்கள். தலையசைத்தால் போதும். படம் காட்டலாம், பொருளைத் தொட்டுக் காட்டலாம். பதிலுக்குக் காத்திருங்கள். பேச வராத சிலருக்குப் பழகிய பாட்டு வாயில் வரும். வந்தால் கூடச் சேர்ந்து பாடுங்கள்.

விழாமல் காப்பது

ஒரு தடவை கீழே விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். பிறகு நடக்கவே பயம் வந்துவிடும். குளியலறையில் ஈரம் தங்க விடாதீர்கள். சுவரில் இரும்புக் கைப்பிடி ஒன்று பதியுங்கள். தரையில் குந்த முடியாதவருக்கு, நடுவில் துளை உள்ள கழிப்பறை நாற்காலி கிடைக்கிறது. சுருண்டு கொள்ளும் பாயையும் மிதியடியையும் எடுத்து விடுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

மனமும் விழுந்து போகும்

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய 3-ல் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அழுவார். எரிந்து விழுவார். "நான் பாரமாகி விட்டேன்" என்பார். பயிற்சி செய்ய மறுப்பார். சம்பாதித்துப் போட்ட கை இன்று பிறரை எதிர்பார்க்கிறது என்றால் துக்கம் இராதா?

"சோம்பேறித்தனம்" என்று திட்டாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கும் மாத்திரை உண்டு, ஆறுதல் சிகிச்சை உண்டு. வீட்டு விஷயங்களில் அவர் யோசனையைக் கேளுங்கள். மாலையில் திண்ணைக்கோ வாசலுக்கோ அழைத்துப் போங்கள். நாலு பேரைப் பார்த்தாலே பாதித் துக்கம் குறையும்.

இரவும் பகலும் பக்கத்தில் இருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது இன்னொருவர் அந்த இடத்தில் உட்காருங்கள். அவரும் படுத்துவிட்டால் வீடே படுத்துவிடும்.

மறுபடி வராமல் தடுக்க

ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம். "உடம்பு தேறிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்துவது பெரும் பிழை. ரத்தக் கொதிப்பு மாத்திரையையும், ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட், புகையிலை, மது வேண்டாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அது ஒரு சிறு ஸ்பூன் அளவுதான். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் அந்தக் கணக்கில் சேரும்.

வாய் கோணினால், கை திடீரென்று தொய்ந்து விழுந்தால், பேச்சு குழறினால், ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ, அவ்வளவு மூளை பிழைக்கும்.

காலண்டரில் ஒரு கணக்கு

சுவரில் தொங்கும் காலண்டரை எடுத்துக் கொள்ளுங்கள். இன்று எத்தனை தடவை எழுந்து நின்றார்? எத்தனை அடி நடந்தார்? எத்தனை வாய் தானே சாப்பிட்டார்? தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்யும்.

ஒரு நாளில் பார்த்தால் முன்னேற்றம் தெரியாது. நோயாளிக்கும் சலிப்பு வரும், வீட்டாருக்கும் சலிப்பு வரும். ஒரு மாதம் கழித்துத் தாளைப் புரட்டிப் பாருங்கள். 3 என்று இருந்த இடத்தில் 12 என்று இருக்கும். அந்த எண்ணை அவர் கண்ணில் காட்டுங்கள். பிசியோதெரபிஸ்டு வரும்போது அவரிடமும் காட்டுங்கள். அடுத்த மாதம் என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லுவார்.